மூணு நாள் பந்தயம்

— கதவைச் சாத்திட்டு வாடா ஸ்வெரே, பனி உள்ள வருது. காலையில போன ஆளு, எங்கடா இருந்த இவ்ளோ நேரம்?

— அக்கா, முதல்ல இதைப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி! வயிறு எப்படிச் சிவந்து கிடக்கு பாத்தியா?

— அடேயப்பா! நம்ம ஏரியில இப்படி ஒரு மீனு இருக்கா?

— இருந்துச்சு. இப்ப இல்ல. கேளேன், பனிக்கட்டியில மூணு இடத்துல துளை போட்டேன். முதல் துளையில ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல தூண்டில் நரம்பு அறுந்துருச்சு. மூணாவதுல மான்தோலை விரிச்சு, குப்புறப் படுத்து, துளைக்குள்ள மூஞ்சியை வெச்சுப் பாத்துட்டே கிடந்தேன். பச்சையா ஒரு வெளிச்சம்க்கா, அடிவரைக்கும் தெரியுது. இவன் வரான், புழுவை மோந்து பாக்கறான், போயிடறான். திரும்பவும் வரான், போறான். கேளேன், நான் மூச்சுகூட விடல.

— மூக்கு வெந்துபோய் கிடக்குடா. வெயிலுக்கு கிரீம் பூசிட்டுப் போன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஈஸ்டர் வெயிலு தோலை உரிச்சுரும்னு தெரியாதா உனக்கு?

— மறந்துட்டேன்.

— மணி என்னன்னு தெரியுமா?

— பதினொன்னரை இருக்கும். ஏன்?

— ரெண்டே முக்கால்.

— சும்மா கதை விடாத.

— சுவத்துல கடிகாரம் தொங்குதுல்ல, பாரு.

— அப்ப… பன்னெண்டு மணிக் கெடு முடிஞ்சுதா?

— பன்னெண்டு அடிச்சப்போ நீ மீனோட குசலம் விசாரிச்சிட்டு இருந்திருக்க. நீ மேட்டுல ஏறி சிக்னல் தேடக் கூடாதுன்னு, மூணு நாளைக்கு, வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு ரெண்டு பேரு போனையும் கார்ல வெச்சுப் பூட்டினோம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை பன்னெண்டு தாண்டி ரெண்டே முக்கால் மணி நேரம் ஆச்சு. ஜெயிச்சுட்டடா.

— ஜெயிச்சுட்டேனா? நானா? ஏய், நான் ஜெயிச்சுட்டேன்!

— ஆடாதடா, மெழுகுவத்தி விழுந்துரும்.

— விழட்டும்! போன் இல்லாம நான் மூணு மணி நேரம் தாங்க மாட்டேன்னு சொன்னது யாரு? எங்க, இப்ப சொல்லு!

— நான்தான் சொன்னேன், ஆமா. வியாழக்கிழமை ராத்திரி நீ இருந்த லட்சணத்தைப் பாத்தா யாருதான் சொல்ல மாட்டாங்க? வெண்ணெய் டப்பாவைப் போன் மாதிரி கையில வெச்சுக்கிட்டுக் கட்டைவிரலால தேய்ச்சிட்டு உக்காந்திருந்தியே!

— அது… வெண்ணெய் உருகிருச்சான்னு பாத்தேன்.

— ஆமா, பெரிய ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை?

— அதைச் சொல்லாத.

— காய்ஞ்ச பனியில, ஈரப் பனிக்குப் பூசற சிவப்பு மெழுகைச் சறுக்குக் கட்டையில பூசிட்டு, கட்டைக்குப் பத்து கிலோ பனி அடியில ஒட்டிக்கிட்டு, யானை மாதிரி நடந்து வந்தியே! இந்த நாட்டுல ஆறு வயசுப் பிள்ளைகூட அப்படிப் பண்ணாது.

— என்ன மெழுகு பூசணும்னு போன்தான்க்கா சொல்லும் எனக்கு. பத்து வருஷமா அதைக் கேட்டுத்தான் பூசறேன்.

— நேத்து?

— நேத்து பனியைக் கையில அள்ளிப் பிசைஞ்சு பாத்தேன். உருண்டை பிடிக்கல, உதிர்ந்துச்சு. நீல மெழுகுன்னு கைக்கே தெரிஞ்சுபோச்சு. கேளேன், மேடெல்லாம் அப்படியே ஓடி ஏறினேன்.

— பாத்தேன். ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தேன்.

— ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட? அட, ஏன்க்கா?

— ஒண்ணுமில்ல. அந்தச் சம்மதக் காகிதத்தை எடு, கையெழுத்துப் போட்டுடறேன். பேச்சுன்னா பேச்சு.

— இப்பவே போடணுமா? மீனை முதல்ல…

— இப்பவே. அப்புறம் எனக்கு மனசு வராது. ராத்திரி ஏழு மணிக்குள்ள, கையெழுத்து வாங்கற ஊத்வார் கையில குடுத்தாகணும்ல? மத்த பதினோரு குடில்காரங்களும் போட்டாச்சு. நம்ம குடில் ஒண்ணுதான் பாக்கி. ஒரு குடில் போடலைன்னாலும் இந்த ஏரிப்பக்கம் கரண்டு கம்பி வராது. அதுக்காக எல்லாரும் என்னையத்தான் திட்டறாங்க.

— யாரும் திட்டல.

— திட்டுவாங்க, திட்டட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்டா. வருஷம் பூரா ஆம்புலன்ஸ் போனை எடுக்கறது என் பொழப்பு. எடுத்தா ஒருத்தன் மூச்சு நிக்குதுன்னு அழறான், ஒருத்தி பிள்ளை விழுந்துருச்சுன்னு கத்தறா. வீட்டுக்கு வந்தாலும் காதுல அடிச்சிட்டே இருக்கும். அடிக்காத இடம் இது ஒண்ணுதான். கம்பி வந்தா செல்போன் கோபுரம் வரும், கோபுரம் வந்தா போன் இங்கயும் அடிக்கும். எங்க போவேன் நான்?

— அக்கா…

— அதுக்குத்தான் பந்தயம் கட்டினேன். நீ தோத்துருவன்னு அவ்ளோ நம்பிக்கை. பேனாவைக் குடு. இந்தா, போட்டாச்சு. பத்திரமா வெச்சுக்கோ.

— சரி. மீனைக் கேஸ் அடுப்புல பொரி. நான் அறையைப் பெருக்கறேன்.

— அடுத்து வரவங்களுக்கு விறகடுப்பை அடுக்கி வெச்சிரு. காலையிலயே அணைஞ்சுருச்சு, சாம்பலும் அள்ளிட்டேன். குளிர்ல விறைச்சுப்போய் வரவன் தீக்குச்சியை உரசினா போதும், அப்படி இருக்கணும்.

— தெரியும்க்கா. சின்னதுலருந்து அடுக்கறேன்.

— ஆனா பிர்ச் மரப்பட்டை தீர்ந்துபோச்சுடா. பெட்டியில ஒரு துண்டுகூட இல்ல. அடியில எதை வெச்சுப் பத்த வைக்கறது?

— ஏதாவது கிடைக்கும். நீ மீனைக் கவனி, கருகற வாசனை வருது.

*

— அப்பாடா, சறுக்கி வந்து சேந்தாச்சு. கார் மேல பாரு, ஒரு முழம் பனி. சாவியைக் கொண்டா… இந்தா, உன் போனு.

— நீயே திறந்து பாருக்கா. என் கை விறைச்சுப்போச்சு.

— அய்யோ, எப்படிக் கத்துது பாரு! இருநூத்துப் பதினாலு செய்தி!

— யாராவது செத்துட்டாங்களா?

— இல்ல.

— எங்க மீன் கம்பெனியை மூடிட்டாங்களா?

— இல்லடா. உன் முதலாளி மட்டும் பதினெட்டு தடவை கூப்பிட்டிருக்காரு. கடைசியில, ‘விடு, நாங்களே பாத்துக்கிட்டோம்’னு போட்டிருக்காரு.

— பாத்துக்கிட்டாங்களாமா! கேட்டியா! எட்டு வருஷமா நான் இல்லைன்னா கடலே வத்திரும்னு நெனச்சேன்!

— சிரிக்காதடா, ஊத்வாரும் எழுதியிருக்காரு. ‘காகிதம் எங்க? மேசையில காபியோட உக்காந்திருக்கேன்’னு. மணி ஆறே முக்கால் ஆச்சு. வண்டியை எடு, அவரு வீடு திருப்பத்துலதான இருக்கு.

— எடுக்கறேன். காபி குடிச்சிட்டுப் போவோம்.

— காகிதத்தை வெளிய எடுத்து வெச்சுக்கோ.

— அது என்கிட்ட இல்ல.

— என்னது? குடில்லயே விட்டுட்டியா? பதினோரு கிலோமீட்டர்டா! திரும்பிப் போய் எடுக்க நேரமே இல்ல!

— திரும்பிப் போக வேண்டாம்.

— ஜெயிச்சவன் நீடா! கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன், இன்னும் என்ன வேணும் உனக்கு?

— ஜெயிச்ச பரிசை என் இஷ்டத்துக்குச் செலவு பண்ணக் கூடாதா?

— ஸ்வெரே, விளையாடாத. அந்தக் காகிதம் எங்க?

— அடுப்புல, சுள்ளிக்கு அடியில. நாலா மடிச்சு வெச்சிருக்கேன். அடுத்த தடவை தீக்குச்சியை நீதான் உரசணும்க்கா.