எமல்டாவின் பேக்பைப் ஏன் கீச்சிட்டது?

சுகிர்தா அக்கா, கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். நாளை பிரேயரில் நான் பேசப்போவது இதுதான். வார்டனிடம் மரம் வளர்ப்பு பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். நான் பாதியில் தடுமாறினால், மீதியை நீங்கள் வாசித்துவிடுங்கள்.

ஆசிரியர்களே, தோழிகளே, சின்னதா ஒரு கதை சொல்லட்டுமா? நம்ம பள்ளிக்கூடத்துலயே நடந்தது...

நம்ம பேண்டுல ஒரு பேக்பைப் இருக்கே, காத்துப் பையை அக்குள்ல இடுக்கி ஊதுறது, குழல்ல கிளாரினெட் மாதிரி துளையை மூடுற கீ வச்சது? அதை வாசிச்சவ ஒன்பதாம் வகுப்பு எமல்டா. ஒருநாள் பிராக்டிஸ்ல 'கீச்'னுச்சு. நாங்க சிரிச்சோம். பேண்டு மாஸ்டர் சிரிக்கலை. "விரலை நீட்டுடீ!" ஸ்டீல் ஸ்கேல்... குறுக்குவாட்டுல.

அடிச்ச பிறகுதான் குழலைப் பார்த்தார். ஒரு கீக்கு அடியில ஒட்டியிருந்த தோல் தேஞ்சு, காத்து கசியுது. அவ தப்பே இல்ல! புதுத் தோல் ஒட்டினார். சரியாச்சா? மறுநாளும் கீச்! குழலுக்குள்ள சத்தம் எழுப்புற நாணல் ரீடை மாத்தினார்... கீச்! பையோட தையலுக்கு மெழுகு தேச்சார்... கீச்!

கடைசியில துளை எல்லாத்தையும் டேப் ஒட்டி மூடிட்டு, "ஊது"ன்னார். சுத்தமா வந்துச்சு. ஒவ்வொரு டேப்பா உரிச்சு, அங்க அவ விரலை வைக்கச் சொன்னார். ஒண்ணு... நல்லாருக்கு. ரெண்டு... நல்லாருக்கு. மூணு... கீச்!

"கையைக் கொண்டா!"

மோதிர விரல். கத்திரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்திருக்கு. அது எப்படித் துளையை மூடும்? அவர் அடிச்ச அதே விரல்!

மன்னிப்புக் கேட்டிருப்பார்னு நினைக்கிறீங்களா? மெதுவாச் சொன்னார்: "பாப்பா... கதவிடுக்குல நசுங்கிடுச்சுன்னு வீட்ல சொல்லு. இல்லேன்னா உனக்கு ஹாஸ்டல்ல இடம் இருக்காது."

எமல்டா எங்களைப் பார்த்தா. நாங்க... டிரம்மைத் துடைச்சிட்டிருந்தோம்.

இன்னும் அந்த விரல் மடங்கலை. அவங்க அம்மா கதவைத் திட்டிட்டிருக்காங்க.

தோழிகளே, இதை ஏன் சொல்றேன்? குழல் கீச்சிட்டா கீ, ரீடு, பை எல்லாத்தையும் கழட்டிப் பார்க்கிறோம். எமல்டா மாதிரி ஒரு பிள்ளை பேச்சையே நிறுத்திட்டா? 'அடக்கமான பிள்ளை'ன்னு விட்டுர்றோம்! இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பேக்பைப் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைக்குப் போகுது. அவளைத் தனியா விடப் போறீங்களா? அவர் அடிச்சதைப் பார்த்தவங்க யாருன்னு கேப்பீங்க. நான் பார்த்தேன். என் பேரு...

அக்கா, யாரோ கதவைத் தட்டுகிறா—