நேர்மையான காசுக் கடை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ராயகிரி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரரு சேத்து வச்ச பழைய காசை எல்லாம் அவருக்கே வித்துக்கிட்டு இருக்கேன்."

"என்னட்டி சொல்லுத?"

"ஆன்லைன்ல வாங்கி ரெண்டு தடவை ஏமாந்துட்டாரு. ராஜா காலத்துக் காசுன்னு வந்ததைப் புளி போட்டுத் தேச்சா புதுப் பித்தளை. மனுசன் சோறு இறங்காமக் கெடந்தாரு. பாக்கச் சகிக்கலை. அதான் நானே வேற பேர்ல ஆன்லைன்ல ஒரு கடை போட்டு, அவரு டப்பால இருந்தே எடுத்து வித்தேன்."

"அவருக்கு அடையாளம் தெரியலையா?"

"டப்பால போட்டதைத் திரும்பிப் பாத்தாத்தானே! 'இதே மாதிரி ஒண்ணு ஏற்கெனவே இருக்கு, இப்ப ஜோடி சேந்துட்டு'ன்னு ஒரே சந்தோசம். கூட்டாளிமாருகிட்ட எல்லாம், 'காசு வாங்கணும்னா இந்தக் கடையில வாங்குங்க, நேர்மையான ஆளு'ங்காரு."

"நல்லதுதானே."

"எங்கட்டி நல்லது? வார ஞாயித்துக்கிழமை அந்த நேர்மையான ஆளை நேர்ல பாத்துக் கும்பிடப் போறாராம். பார்சல்ல ராயகிரி விலாசம்லா போட்டிருக்கேன்."

"ராயகிரில யாரு விலாசம்?"

"உன் விலாசந்தான். நீ யாருன்னு அவருக்குத் தெரியாதுல்லா."

தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"வரட்டும்ட்டி. அவரு டப்பால இருந்து நல்ல காசா நாலு எடுத்து எங்கிட்டக் கொடுத்துவிடு. நேர்ல வந்து வாங்குனா விலை கூடன்னு சொல்லிருதேன்."