கவிழ்த்தாலும் விழாத க்ரீம்

நல்ல க்ரீம் என்றால் டப்பாவைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. அது எண்ணெயின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை ஐயா, ஒரு வெள்ளைப் பொடியின் வேலை.

அந்தப் பாலிமர் பொடியைத் தண்ணீரில் தூவினால் முதலில் சுருண்டுதான் கிடக்கும். காரக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அதன் இழைகள் நிமிர்ந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த் துளிகளும் அந்த வலைக்குள் அசையாமல் நிற்கும். பதினோரு வருடத்தில் நான் கலக்கிய க்ரீம் ஒரு தடவைகூடப் பிரிந்ததில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

காரம் அளவு மீறினால் அதே இழைகள் தளர்ந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஊற்றியதை மறந்து இன்னொரு குடுவையும் ஊற்றிவிட்டேன். தொட்டியில் கஞ்சி போல ஓடியது. கொட்டியிருக்க வேண்டும். கொட்டினால் மேலாளரிடம் சொல்ல வேண்டும், பதினோரு வருடப் பெயர் போய்விடும். காரத்துக்கு அசையாத வேறொரு பசைப்பொடி இருந்தது. அதைப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு கெட்டியாக இருந்தால் மறைக்கலாம்.

எங்கள் இடத்தில் கலக்கியவர்தான் முதலில் தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தடவினேன். நூறு எண்ணுவதற்குள் எரிந்தது. கழுவிவிட்டு, 'எரிச்சல் இல்லை' என்று எழுதினேன்.

டப்பா அடைக்கும் அக்கா தொட்டியில் மிஞ்சியதை வழித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பாப்பாவுக்குத் தொடையெல்லாம் செவந்து கெடக்கு. இதப் போடலாமா?"

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.

"தாராளமா போடுங்கக்கா. கெட்டியாவே பூசுங்க."

நீர்த்திருந்தால் வழிந்துபோயிருக்கும், துணியில் துடைபட்டிருக்கும். இது பூசிய இடத்திலேயே நின்றது. குழந்தை அழ அழ, சிவப்பு அதிகமாகிறதே என்று அக்கா இன்னும் கொஞ்சம் பூசியிருக்கிறார். ஏழு மாதக் குழந்தை, பாவம். ஐந்து நாளாகக் கண் விழிக்கவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். மற்ற டப்பாக்கள் கிடங்கைத் தாண்டவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

ஆமாம், நான்தான். எரியும் என்று தெரிந்தேதான் பூசச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தத் தாளில் 'கெட்டுப்போன க்ரீம்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். உங்கள் மேசையில்தான் டப்பா இருக்கிறதே, கவிழ்த்துப் பாருங்கள்.