ஒற்றைக்கோட்டுப் புதன்கிழமைகள்

வலிக்காமல் ஊசி போடுவது பெரிய வித்தை இல்லை சார். பஞ்சால் துடைத்துக்கொண்டே, "பூ இன்னைக்கு என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்க வேண்டும். ஊசிக்கு வந்தவர் யோசிக்கிற நேரத்தில் குத்தி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வடமதுரையில் டாக்டர் அழகுராஜாவின் கிளினிக்கில் பத்தொன்பது வருடம் கம்பவுண்டராக இருந்தேன். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் எங்கள் ஜனங்கள் மதிக்க மாட்டார்கள். "ஊசி போடாம அனுப்புறாரு, இவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்பார்கள். "கிளெமென்ட்டு கைராசிக்காரன்" என்று அய்யலூரிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள்.

தொண்ணூறுகளில் எங்களிடம் இருந்தது ஆறு கண்ணாடி சிரிஞ்சு. காய்ச்சல் காலத்தில் காலையிலேயே அறுபது பேர் நிற்பார்கள். ஆளுக்கு ஒன்றாகக் கொதிக்க வைத்துப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு கொதிக்கு இருபது நிமிடம் என்றால், கடைசி ஆளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதனால் பெரிய சிரிஞ்சில் சத்து மருந்தை நிரப்பி ஐந்து பேருக்குப் போடுவேன். நுனியில் மாட்டும் நீடிலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றுவேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சதையிலிருந்து ஊசியை இழுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பின்னோக்கி ஏறி சிரிஞ்சுக்குள் போய்விடும். நீடிலை மாற்றினாலும் அது உள்ளேதான் இருக்கும். அடுத்தவருக்கு மருந்தோடு சேர்ந்து போகும். ஹெபடைடிஸ் சி என்ற கிருமி அப்படித்தான் பயணம் செய்கிறது. உள்ளே போனபின் பத்து, இருபது வருடம் மூச்சுக்காட்டாமல் ஈரலை அரிக்கும். அவ்வளவு பொறுமையான கிருமியை நான் பார்த்ததில்லை.

2005இல் டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்களில் ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. புதன்கிழமைக்கு இருபது பேர், கார்டு பார்ப்பது என் வேலை. ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கார்டில் சொட்டுவிட்டால், கால் மணி நேரத்தில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது.

முதல் புதன்கிழமை ஆறு கார்டில் இரண்டு கோடு. பெயர்களைப் பார்த்தேன். ஆறு பேரும் காய்ச்சல் காலத்தில் என்னிடம் வரிசையில் நின்றவர்கள்.

டாக்டர் உள்ளே நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கையிலிருந்து ஐந்து மில்லி ரத்தம் எடுத்து, அதில் தெளிந்த நீரைப் புதுக் கார்டுகளில் சொட்டி, அந்த ஆறு பேரின் பெயரை எழுதினேன். அது இருபது கார்டுக்கே தாராளம். எனக்கு ஒற்றைக்கோடுதான் வரும் என்று தெரியும். சிரிஞ்சு விஷயத்தை மருந்துக் கம்பெனி ரெப் ரொனால்டு 1996லேயே எனக்கு விளக்கியிருந்தார். அதுவரை நாங்கள் ஊசி போட்டுக்கொண்டதில்லை; அன்றிலிருந்து எனக்கும் என் மனைவி டெய்சிக்கும் புது பிளாஸ்டிக் சிரிஞ்சுதான். மற்றவர்களுக்கு இன்னும் மூன்று வருடம் பழையபடியே போட்டேன். அவர்களுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது.

இப்படியே புதன்தோறும் நடந்தது. டாக்டர் பூரித்துப்போனார்.

"ஏய்யா கிளெமென்ட்டு, ஊர்ல ஒருத்தருக்குக்கூட இல்லையேய்யா! தண்ணிதான் காரணமா?"

"முருங்கைக்கீரையா இருக்கும் சார்."

அதன்பிறகு வருகிற கிழவர்களிடமெல்லாம் வாரத்தில் எத்தனை நாள் கீரை என்று கேட்டு நோட்டில் எழுதினார். திண்டுக்கல்லில் டாக்டர்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிக் கைதட்டலும் வாங்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தட்டினேன்.

நீங்கள் கேட்கிற சோலையம்மாள், பூந்தோட்டக்காரர். முதல் புதன்கிழமை வந்த இருபது பேரில் ஒருவர். இரண்டு கோடு விழுந்த ஆறு பேரில் ஒருவர். நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார்.

"ஏப்பா, நாலு முழம் கட்டுறதுக்குள்ள கை அசந்துபோகுது. ரத்தத்துல ஏதும் கோளாறு இருக்கா?"

"ஒண்ணுமில்லக்கா. ரிப்போர்ட்டு சுத்தமா இருக்கு பாருங்க."

"அப்ப ஒரு ஊசி போடு. ஒன் கைபட்டாத்தேன் எனக்குக் கேக்கும்."

போட்டேன். மாதம் இரண்டு முறை வந்தார். போகப்போக வயிறு பெருத்தது. "தின்ன சோறு அம்புட்டும் வயித்துலயே நிக்குதுப்பா" என்று சிரித்தார். வாயுவுக்கு மருந்து கொடுத்தேன்.

அவருடைய மகன் காமராஜ்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஈரல் சுருங்கிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். அவன் என் ரிப்போர்ட்டையும் மதுரை ரிப்போர்ட்டையும் டாக்டர் மேசையில் போட்டான். அந்தப் புதன்கிழமை டாக்டர் தன் கையாலேயே கார்டில் சொட்டுவிட்டார். ஏழு கார்டில் இரண்டு கோடு. என்னைப் பார்த்தார். பிறகு தன் கீரை நோட்டைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆமாம் சார், கார்டை மாற்றியது நான்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே வைத்தியம் செய்திருக்கலாம், பிழைத்தும் இருக்கலாம். அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தபிறகு சோலையம்மாள் அக்கா பதினோரு நாள்தான் இருந்தார், அதுவும் அழுதுகொண்டே. அதற்கு முன் ஒன்றரை வருடம் எந்தக் கவலையும் இல்லாமல் பூக்கட்டினார். அந்த ஒன்றரை வருடம் நான் கொடுத்தது.