எமிலியானுஸ் அண்ணைக்கான கதிரை

வெள்ளைச் சுவர் யாருக்கும் ஆறுதல் தராது, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் அறையையும் யாராவது கவனிக்க வேண்டும்.

புங்குடுதீவில் குடியைக் கைவிட வருகிறவர்கள் தங்கும் இல்லத்துக்கு உள்ளலங்காரம் செய்தவள் நான்தான். ஆளில்லாமல் கிடந்த பெரிய கல்வீடு அது. கூடத்துக்கு மங்கலான பச்சை அடித்து, கடல் தெரியும் யன்னலோரம் ஒரு சாய்மனைக் கதிரை போட்டேன். அப்போதும் ஏதோ குறைந்தது. சரவணையிலிருந்து எமிலியானுஸ் அண்ணை வந்து அதில் இருந்தார், குறை தீர்ந்தது. கடலில் கறுத்த தோள், நரைத்த தாடி. கை நடுக்கம்கூட யன்னல் சீலையின் அசைவோடு ஒத்துப்போனது.

மாரி முடியுமுன் அவர் சுகமாகிவிட்டார்.

"இனித் தொடமாட்டன், தங்கச்சி. தொழிலுக்குப் போகப்போறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஆட்களை இருத்திப் பார்த்தேன். றஜீபன் என்ற பொடியனுக்கு உயரம் போதாது. ஒரு ஆசிரியர் பரவாயில்லை, ஆனால் அவருடைய சேட்டுகள் எல்லாம் கட்டம் போட்டவை. கதிரையை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கதிரையில் பிழை இல்லை, ஐயா.

அதனால் ஒரு போத்தல் சாராயம் வாங்கிக்கொண்டு சரவணைக்குப் போனேன். அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கொண்டு போங்கோ, தங்கச்சி. கண்ணிலை பட்டால் என்னாலை ஏலாது," என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை அவரை இல்லத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகும் இரண்டு தடவை சுகமானார். இரண்டு தடவையும் நான் போய் வந்தேன். இப்போது ஈரல் பழுதாகிவிட்டதாம், இனி வீட்டுக்குப் போவது கஷ்டம் என்று டொக்டர் சொல்கிறார். முதுகு நோகாமல் இருக்க மெத்தென்ற தலையணை ஒன்று தைப்பித்துக் கொடுத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவருடைய மனைவி மாக்கிறேற் அக்கா வந்தார்.

"ஆர் தங்கச்சி இந்த மனிசனுக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து குடுக்கிறது? அவையளுக்கு மனச்சாட்சியே இல்லையோ?" என்று கேட்டு அழுதார்.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சம் நன்றாக விழுந்தது.

அக்காவை ஒரு வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருத்தினேன். செங்காவி நிறச் சேலை உடுத்திருந்தார். வாசலில் நின்று இருவரையும் பார்த்தபோதுதான், இவ்வளவு நாளும் அந்தக் கூடத்தில் பாதி வேலையே முடிந்திருந்தது என்று விளங்கியது.

அக்காவுக்குக் குடிப்பழக்கம் இல்லை, உண்மைதான். நீங்கள் வங்களாவடிச் சந்தியில் மறித்தபோது என் பையில் இருந்த போத்தல் அவருக்குத்தான். முதல் தடவை என்பதால் இனிப்பான வைனாகப் பார்த்து வாங்கியிருந்தேன்.