கிட்டப் போனா கல்லு

— லாஜிக்படி நடக்கவே முடியாது. கேமோட கோட்ல எங்கயோ ஓட்டை இருக்கு. காலைலேருந்து தேடறேன், கண்ணு பூத்துப்போனதுதான் மிச்சம்.

— எங்கப்பாவுக்கு வைரம் கிடைச்சா கிடைச்சுட்டுப் போகுது. அதுக்கு ஏங்க பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? நீங்க எழுதின கேம்தானே, சந்தோஷப்படுங்க.

— உனக்குப் புரியாது.

— கட்டம் கட்டமா மண்ணு, கல்லு, தண்ணி. நடுவுல கடப்பாரையோட ஒரு பொம்மை. தோண்டினா கட்டம் உடையுது. இதுல புரியாம போறதுக்கு என்ன கருமம் இருக்கு? அந்த மண்ணுக்குக் கலர் குடுத்ததே நான்தான்.

— சரி, கேளு. அந்த உலகம் முன்னாடியே முழுசா இருக்காது. பொம்மை இறங்க இறங்க, திரையில தெரியற அளவுக்கு மட்டும் புதுசா கட்டங்களை உண்டாக்குவோம். எது மண்ணு, எது கல்லுன்னு அந்த நிமிஷம்தான் முடிவாகும்.

— வைரமும் அப்படித்தானா?

— வைரம்... திரையோட ஓரத்துல மினுக்கும். பொம்மை கிட்டப் போனதும் அதைக் கல்லா மாத்திட்டு, இன்னும் கீழ வேற ஒண்ணை மினுக்க விடுவேன்.

— அப்ப எப்பதான் கையில கிடைக்கும்?

— லாஜிக்படி... கிடைக்காது.

— என்னைக்குமேவா?

— கேமை வாங்கற கம்பெனிக்காரர் அப்படித்தான் கேட்டாரு. ஆசை காட்டிட்டே இருந்தா ஆளு ஃபோனைக் கீழ வைக்க மாட்டான்னாரு. கடப்பாரை தேஞ்சா ஒரு விளம்பரம் பார்க்கணும், பார்த்தா புதுக் கடப்பாரை. ஊர்ல எல்லாரும் பண்றதுதான்மா.

— சீ! கேக்கவே குமட்டுது. கால் உடைஞ்சு படுத்திருக்கற மனுஷன் கையிலயா இதைக் குடுத்தீங்க?

— மாமாவுக்குப் பொழுது போகட்டுமேன்னுதான்...

— பொய். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

— சரி. ஒரு ஆளு எவ்வளவு ஆழம் வரைக்கும் விடாம தோண்டுவாங்கன்னு பார்க்க வேண்டியிருந்துச்சு. நம்ம வீட்டுலயே அவர் சும்மாதானே படுத்திருந்தாரு.

— அடக் கருமமே! அதான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டுப் போயி, ‘மாமா, எவ்வளவு தூரம் போனீங்க? இன்னும் கொஞ்சம்தான், விட்டுறாதீங்க’ன்னு குழைஞ்சுட்டு நின்னீங்களா? நானும் கதவோரமா நின்னு, இப்படியொரு மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும்னு பூரிச்சுப்போனேனே! காலமெல்லாம் பஸ் ஓட்டின கை. கட்டை விரல் வீங்கிக் கெடக்கு, நான் உக்காந்து தைலம் தேய்ச்சு விடறேன்.

— வலிச்சா விட்டிருக்கலாம்ல? யாரு கட்டாயப்படுத்தினா?

— பேசாதீங்க. அருவருப்பா இருக்கு. கம்பெனிக்காரர்கிட்டயும் இதைச் சொல்லியாச்சா?

— ‘எங்க வீட்டுப் பெரியவரே விடாம தோண்டறாரு சார்’னு... ஒரு பேச்சுவாக்குல.

— விளம்பரத்துல எவளாவது அரைகுறைத் துணியோட ஆடினா, எங்கப்பா ஃபோனைக் குப்புற வெச்சுட்டு, பாட்டு நிக்கற வரைக்கும் சுவத்தைப் பார்த்துட்டு இருக்காரு. தூ! உங்களோட ஒரே ரூம்ல மூச்சு விடக் கூசுது எனக்கு.

— திட்டு, வாங்கிக்கறேன். ஆனா இந்த ஓட்டையை அடைச்சாகணும், நாளைக்கு அவங்ககிட்ட ஒப்படைக்கணும். மாமாவே என் கையைப் பிடிச்சு, ‘மாப்பிள்ளை, வைரம் கிடைச்சிருச்சு, பிரமாதமா பண்ணியிருக்கீங்க’ன்னாரே! எந்த இடத்துல கிடைச்சதுன்னு நீயாவது கேட்டுச் சொல்லேன்.

— கேட்டுட்டுத்தான் இங்கயே வந்தேன்.

— எங்கயாம்?

— எங்கயுமே இல்லையாம். ‘கிட்டப் போனா கல்லாயிடுதும்மா. மாப்பிள்ளை கண்ணு முழிச்சு முழிச்சு எழுதியும் அது மட்டும் சரியா வரல போல. பாவம், தினமும் வந்து ஆசையா கேக்கறாரு, இல்லைன்னு சொன்னா மனசு விட்டுப் போயிடும். அதான் கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டேன், நீ காட்டிக் குடுத்துடாத’ன்னாரு.