மோட்டாரும் ஜிகினாவும்

...பெரிய பெரிய விஷயமாப் பேசிட்டேன் போல. பெத்தவங்க கூட்டத்துக்குன்னு வந்துட்டு, பின் வரிசையில ரெண்டு அப்பாமார் கண்ணை மூடிட்டாங்க. தியானம்னு வச்சுக்குவோம். அந்தத் தியானத்தைக் கலைக்கிறதுக்குன்னே ஒரு கதை வச்சிருக்கேன். சின்னதுதான், கேட்டுக்கோங்க.

தென்காசிப் பக்கம் ஆவுடையப்பன்னு ஒரு அண்ணாச்சி. பாத்திரக்கடை வச்சிருக்கார். ஒரே மக, கோமதி. ஒன்பதாவது படிக்கிறா. பொம்பளப் பிள்ளைங்க மட்டும் படிக்கிற ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடம். ஒரு நாள் அண்ணாச்சி நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் டீச்சர் ரூமுக்குள்ள போனார்.

"டீச்சர், வருஷம் முடிஞ்சதும் பிள்ளைக்கு டி.சி. குடுத்திருங்க."

"ஏன் அண்ணாச்சி, இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல டீச்சர். ஆனா பாருங்க... இங்க பூரா பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்குக் காலேஜ், வேலைன்னு போனா பையங்க நடுவுல நிக்கணும்லா? பயந்து போய் மூலையில ஒதுங்கிருவா. அதான், அந்தப் பெரிய ஸ்கூல்ல, ரெண்டு பேரும் சேந்து படிக்கிற இடத்துல போடலாம்னு."

கதவுக்கு வெளிய கோமதி நிக்கிறா. கண்ணுல தண்ணி முட்டுது. அந்தப் பள்ளிக்கூடம்னா அவளுக்கு உசுரு. ஆனா அப்பாகிட்ட யாரு சொல்றது?

எஸ்தர் டீச்சர் லேசுப்பட்டவங்க இல்ல. சிரிச்சாங்க. "குடுத்திருவோம் அண்ணாச்சி. வர்ற சனிக்கிழமை நீங்க சொல்ற அதே ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி. நம்ம பிள்ளைங்களும் போறாங்க. ஒரு மேசைக்கு அந்த ஸ்கூல் பையன் ஒருத்தன், நம்ம பிள்ளை ஒருத்தி. வந்து பாருங்க. கோமதி பயந்து ஒதுங்கினான்னா அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

சனிக்கிழமை வந்துச்சு. அண்ணாச்சியும் வந்தார். எங்க நின்னார்? தூணுக்குப் பின்னாடி. கையில என்ன? பருப்பு வடை. மக பயப்படுறதைப் பாக்க வந்த மனுஷன், வயித்தைக் காயப் போடலாமா?

அந்தப் பெரிய ஸ்கூல்ல ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வச்ச சட்டம் இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். மெஷினைப் பையன் தொடுவான். பொண்ணு சார்ட்ல தலைப்பு எழுதி, நாலு பூ வரைஞ்சு, ஓரத்துல ஜிகினா ஒட்டும். அங்க இருந்த சாரும் அப்படித்தான் சொன்னார். "கதிரேசா, நீ மோட்டாரைப் பாத்துக்கோ. பாப்பா, நீ சார்ட்டை அழகு பண்ணும்மா."

கிணத்துல இருந்து தண்ணி இறைக்கிற மாடல் அது. கதிரேசன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஓடுது... ஓடுது... தண்ணி வரல. அவன் என்ன செஞ்சான்? நாம டி.வி. ரிமோட்டை என்ன செய்வோம்? அதையேதான் செஞ்சான். மோட்டார் தலையில ரெண்டு தட்டு. அப்பவும் வரல. நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துட்டாங்க. பையனுக்கு வேர்த்துக் கொட்டுது.

இப்ப நம்ம பொண்ணு என்ன செய்யணும்? ஓரமா நின்னு ஜிகினா ஒட்டணும். ஒட்டினாளா?

"கொஞ்சம் தள்ளு," அப்படின்னா. மூடியைக் கழட்டினா. "உள்ள காத்து நிக்குது. முதல்ல கொஞ்சம் தண்ணி ஊத்தணும்." ஊத்தினா, மூடினா, சுவிட்சைப் போட்டா. குபுகுபுன்னு வந்துச்சு தண்ணி.

எப்படித் தெரியும் அவளுக்கு? அவ ஸ்கூல்ல தொட்டி மோட்டார் மக்கர் பண்ணினா, எஸ்தர் டீச்சர் மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க, கூடவே ஒன்பதாவது பிள்ளைங்களையும் கூப்பிடுவாங்க. "நல்லாப் பாருங்க, அடுத்த தடவை நீங்கதான்." அவ்வளவுதான்.

கோமதி திரும்பிப் பாத்தா, கதிரேசன் சும்மா நிக்கிறான். ஜிகினா டப்பாவை அவன் கையில குடுத்தா. "நீ இதை ஒட்டு."

"இது... பொம்பளப் பிள்ளைங்க வேலைல்லா?"

திமிராப் பேசலீங்க அவ. நிஜமாவே புரியாமக் கேட்டா. "அப்படியா? எங்க ஸ்கூல்ல யாருக்கு நல்லா வருமோ அவங்க ஒட்டுவாங்க. உனக்கு வராதா?"

தூணுக்குப் பின்னாடி அண்ணாச்சிக்கு வடை தொண்டையில நின்னுட்டு. ஓடினார் எஸ்தர் டீச்சர்கிட்ட.

"டீச்சர், டீச்சர்... என்ன இது, பையன்னு கொஞ்சமாவது ஒரு பயம் வேண்டாமா?"

"பயப்படுவான்னுதானே டி.சி. கேட்டீங்க அண்ணாச்சி?"

 அந்த நேரம் பாத்து கதிரேசன் அங்க வர்றான். கையெல்லாம் ஜிகினா, மூக்குல கொஞ்சம் ஜிகினா. மெதுவாக் கேட்டான்.

"மிஸ், எனக்கு வரையறதுன்னா ரொம்பப் பிடிக்கும். இங்க விட மாட்டாங்க. உங்க ஸ்கூல்ல... பையங்களைச் சேப்பீங்களா?"

எஸ்தர் டீச்சர் அண்ணாச்சியைப் பாத்தாங்க. அண்ணாச்சி கையைத் துடைச்சுக்கிட்டு, "டி.சி. வேண்டாம், கோமதி உங்க ஸ்கூல்லயே இருக்கட்டும் டீச்சர்," அப்படின்னு சொல்லிட்டு, மக மேசைக்கு முன்னால போய், மாடலைப் பாக்க நின்னவங்க வரிசையில தானும் நின்னார்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நல்லது. ஆனா ஒண்ணை யோசிங்க. அந்தப் பள்ளிக்கூடம் கோமதிக்கு என்ன சொல்லிக் குடுத்துச்சு? மோட்டாரா? மோட்டாரை யாரு வேணும்னாலும் சொல்லிக் குடுத்துடலாம். இது உன் வேலை, அது அவன் வேலைங்கிறதை ஒரு நாளும் சொல்லிக் குடுக்கல பாருங்க, அதுதான் பெரிசு. பெஞ்சைத் தூக்கணுமா, அவதான் தூக்கணும். கூட்டத்துக்குத் தலைமையா, அவதான் தலைமை. நாடகத்துல ராஜாவா, மீசையை ஒட்டிக்கிட்டு அவதான் ராஜா. "பையனைக் கூப்பிடு"ன்னு சொல்ல அங்க பையன் இல்ல. அதனால தன்னால முடியாதுங்கிற நினைப்பே அவளுக்கு வரல.

ஆனா பெத்தவங்களே, சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுரும். அந்தப் பொண்ணு நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றா. ஃபேன் ஓடலைன்னா நீங்க யாரைக் கூப்பிடுறீங்க? காபி வேணும்னா யாரைக் கூப்பிடுறீங்க? கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்... பள்ளிக்கூடம் சொல்லிக் குடுக்காம விட்டதை, நீங்க வீட்டுல உக்காந்து சொல்லிக் குடுத்துடாதீங்க.